ராஜமலைக்கு ஒரு சாலை போதும்

மூணாறு போய்வந்தவர்களிடம் இரவிகுளம் தேசியப் பூங்காவைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே குறைதான் கேட்கும். அஞ்சாம் மைலில் டிக்கெட்டுக்கு ஒரு வரிசை, வனத்துறை பஸ்ஸுக்கு இன்னொரு வரிசை. மேலே ராஜமலையில் இறங்கினால் ஒரு தார்ச்சாலை, அதில் ஒன்று ஒன்றரை கிலோமீட்டர் நடை, ஓரத்தில் நாலைந்து வரையாடுகள், அதற்கு அப்பால் போக அனுமதி இல்லை. “இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்பதில் தொடங்கி, “உள்ளே விட்டால்தானே காடு தெரியும்” என்பதில் அந்தப் பேச்சு முடியும். காட்டுயிர் ஆர்வலர்கள் பலரும் இதையே வேறு சொற்களில் சொல்கிறார்கள்: ராஜமலையில் பார்ப்பது காட்டுயிரே அல்ல, வேலியில்லாத மிருகக்காட்சி சாலை, உண்மையான அனுபவம் வேண்டுமென்றால் ஆனைமுடி உச்சியைத் திறக்க வேண்டும், வால்பாறைக்கு மேலே அக்காமலை கிராஸ்ஹில்ஸைத் திறக்க வேண்டும், நீலகிரியில் முக்கூர்த்தியைத் திறக்க வேண்டும். பயணக் கட்டுரைகளிலும் காணொளிகளிலும் இது கிட்டத்தட்ட ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மையாகவே ஆகிவிட்டது. இந்தக் கருத்து அடியோடு தவறு என்பது என் வாதம். உயர்மலைக் காட்டைப் பார்ப்பதற்கு அந்தக் குறுகிய சாலைதான் சரியான இடம். அதற்கு அப்பால் மூடிக் கிடக்கும் நிலம்தான் அந்தச் சாலையில் ஆட்டைக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

முதலில் மலை என்பது எப்படிப்பட்ட நிலம் என்று பார்க்க வேண்டும். முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே, வயநாடு என்று தொடர்ந்து கிடக்கும் காட்டில் ஒரு ஜீப் வந்து யானைக் கூட்டத்தைத் தொந்தரவு செய்தால், கூட்டம் நகர்ந்து வேறு பக்கம் போய்விடும். தொந்தரவு தவறுதான், ஆனால் போக இடம் இருக்கிறது. மலை உச்சிப் புல்வெளியில் அந்த ‘வேறு பக்கம்’ கிடையாது. வரையாடு ஏறத்தாழ 1,200 மீட்டரிலிருந்து 2,600 மீட்டர் வரையுள்ள புல்வெளிகளில், அதுவும் செங்குத்துப் பாறைகளை ஒட்டிய புல்வெளிகளில் மட்டுமே வாழ்கிறது. உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர வேறெங்கும் அது இல்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் பிளந்து கிடக்கிறது. அதற்குத் தெற்கே ஒவ்வொரு உச்சியையும் தேயிலையும் தைல மரமும் சீகை மரமும் அணைக்கட்டுகளும் சூழ்ந்து தனித்தனித் தீவுகளாக்கிவிட்டன. இரவிகுளம் அப்படியொரு தீவு. அதன் மொத்தப் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். முக்கூர்த்தி அதைவிடச் சிறியது, 80 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. கீழே இருந்து தொந்தரவு வந்தால் மேலே ஏறலாம். உச்சியிலேயே தொந்தரவு வந்தால் ஏறுவதற்கு மலை இல்லை.

இங்கே எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை நேராகவே எடுத்துக்கொள்கிறேன். ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் வந்துபோகும் ராஜமலை இருக்கும் இரவிகுளத்தில்தான் உலகிலேயே அதிகமான வரையாடுகள் ஒரே இடத்தில் வாழ்கின்றன. அண்மைக் கணக்கெடுப்புகளில் அங்கே 800க்கு மேல் எண்ணப்பட்டிருக்கின்றன. 2025இல் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து எடுத்த கணக்கில் இரு மாநிலங்களிலுமாக 2,600க்கு மேல் இருந்தன. அதாவது உலகத்திலுள்ள வரையாடுகளில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய எண்ணிக்கை இந்த ஒரே பூங்காவில் இருக்கிறது. கூட்டம் ஆட்டைக் கெடுக்கும் என்றால் கூட்டம் வரும் இடத்திலேயே ஆடு பெருகுவது எப்படி? அப்படியானால் இன்னும் திறந்தால் என்ன குறைந்துவிடும்? கேள்வி நியாயமானது. ஆனால் அது ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறது. கூட்டம் வருவது இரவிகுளத்துக்கு அல்ல, இரவிகுளத்தின் ஓரத்திலுள்ள ஒரு கோட்டுக்கு. அந்தக் கோட்டில் மனிதன் எங்கிருந்து வருவான், எப்போது வருவான், எங்கே நிற்பான், எப்போது போய்விடுவான் என்பதெல்லாம் ஆட்டுக்குத் தெரியும். தார்ச்சாலையிலிருந்து கையெட்டும் தூரத்தில் ஒரு பெட்டை ஆடு பின்னோக்கி வளைந்த கொம்பின் வரிகள் தெரிய, நிற்கும் ஆட்களை ஏறிட்டும் பாராமல் புல்லை வேரருகே கடித்து இழுக்கிறது. வயதான கிடாவானால் முதுகில் வெளிறிய சேணம் போட்டதுபோல் ஒரு திட்டு. அதுவும் சாலையைக் கடந்து தன் போக்கில் ஏறிப் போகிறது. இதை மிருகக்காட்சி சாலை என்பவர்கள், அந்த ஆட்டைத் தடுக்க ஒரு கம்பிகூட இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். அது நினைத்தால் சில நிமிடங்களில் பாறை விளிம்பைத் தாண்டிக் கண்ணில் படாத புல்மேட்டுக்குப் போய்விடும். அப்படிப் போக ஆளில்லாத இடம் இருப்பதால்தான் அது நம் அருகே நின்று மேய்கிறது. அந்த இடத்திலும் ஆட்கள் வந்தால் அதன் நிதானம் எத்தனை நாள் நிற்கும்?

அந்த நிதானம் ஒரே நாளில் வந்ததும் இல்லை. கண்ணன் தேவன் மலைகளைத் தோட்டக் கம்பெனி ஆண்ட காலத்தில் இது வெள்ளைத் துரைகள் வேட்டையாடிய நிலம். அவர்களே சங்கம் வைத்து வேட்டைக்கு வரம்பு கட்டினார்கள். முதுவர் பழங்குடியினரைக் காவலுக்கு அமர்த்தினார்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கேரள அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது. 1975இல் அது சரணாலயமாகவும், 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. தலைமுறை தலைமுறையாக மனிதனிடமிருந்து தீங்கு வராத சாலையோரத்தில்தான் ஆடு மனிதனைப் பொருட்படுத்தாமல் நிற்கக் கற்றது. வேட்டையும் கள்ளத்துப்பாக்கியும் நெடுங்காலம் நீடித்த மற்ற மலைகளில் அதே வரையாடு மனிதனைத் தொலைவில் கண்டதுமே பாறைக்குப் பாய்ந்துவிடும்.

அந்தப் பாய்ச்சலின் விலையை உள்ளே போக விரும்புகிறவர்கள் கணக்கில் வைப்பதில்லை. குட்டிகள் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பிறக்கின்றன. ஒரு ஈற்றுக்கு வழக்கமாக ஒரே குட்டிதான். தாய்கள் சிறுத்தையும் செந்நாயும் எளிதில் எட்ட முடியாத பாறை விளிம்புகளை ஒட்டியே இருக்கின்றன; பாறைக்கும் புல்லுக்கும் இடையிலான சில நூறு மீட்டர்தான் அந்த மாதங்களில் அவற்றின் உலகம். இதனால்தான் ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ராஜமலையையே மூடிவிடுகிறார்கள். சாலையில் வருகிறவர் கணிக்கக்கூடியவர். புல்வெளியின் குறுக்கே, மேட்டுக்குப் பின்னாலிருந்து திடீரெனத் தலை நீட்டும் நடைக்குழு கணிக்க முடியாதது. சாலையில் ஐந்நூறு பேர் நிற்பதைவிட, குட்டியோடு மேயும் கூட்டத்தின் மேல்பக்கத்தில் ஐந்து பேர் தோன்றுவது பெரிய தொந்தரவு. அது அமைதியான குழுவாக இருக்கலாம், பிளாஸ்டிக் போடாத குழுவாக இருக்கலாம், பறவைப் பெயர்கள் அத்தனையும் அறிந்த குழுவாக இருக்கலாம். ஓடும் தாய்க்கு இதெல்லாம் தெரியாது.

ஆட்டோடு கதை முடியவில்லை. ஆனைமுடியின் உச்சிப் பகுதியில் செக்கச் சிவந்த ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னஞ்சிறு தவளை வாழ்கிறது. 2010இல்தான் அறிவியல் அதற்குப் பெயர் வைத்தது. கால்கள் மிகக் குட்டை. தாவுவதைவிட ஊர்வதே அதற்கு எளிது. நீருக்குள் தலைப்பிரட்டையாக வாழும் பருவம் அதற்கு இல்லை. தூறுகளின் அடியில் ஈரத்தில் இட்ட முட்டையிலிருந்து நேராகவே குட்டித் தவளை வெளிவருகிறது. ஆனைமுடியையும் அதை ஒட்டிய உயர்மலையையும் விட்டால் அதற்கு உலகில் வேறு வீடில்லை. 2,695 மீட்டரில் தென்னிந்தியாவின் மிக உயரமான இடத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசைக்கு எதிரே இந்தத் தவளையை வைத்துப் பார்க்க வேண்டும். ஆனைமுடிக்குத் தடம் போட்டால் அது அந்தத் தூறுகளுக்கு நடுவேதான் போகும். தடம் கிழித்த மண் மலையில் மழைக்கு ஓடையாகிவிடும். இந்தப் புல்வெளிகளும் அவற்றின் மடிப்புகளில் ஒதுங்கிய சோலைகளும் நீரைப் பிடித்து வைத்துக் கசியவிடுகிற நிலங்கள். இரவிகுளத்தின் ஒரு பக்கத்து நீர் பெரியாற்றில் சேர்கிறது. இன்னொரு பக்கத்து நீர் பாம்பாறாக இறங்கி, அமராவதியாகி, உடுமலை, தாராபுரம் வயல்களைத் தொடுகிறது. மேலே ஒரு உச்சியில் எத்தனை பேர் நடக்கலாம் என்ற கேள்வியில் கீழே இருப்பவர்களுக்கும் பங்கு உண்டு.

சட்டத்தைக் காட்டியும் சிலர் வாதிடுகிறார்கள். புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் 20 விழுக்காடு வரை சுற்றுலாவுக்கு விடலாம் என்று 2012 அக்டோபரில் வந்த வழிகாட்டுதல் சொல்கிறதே, அதே அளவுகோலில் இரவிகுளத்தில் 19 சதுர கிலோமீட்டரைத் திறக்கலாமே என்பது அவர்கள் கேள்வி. 20 என்பது மேல்வரம்பு. கொடுத்தே தீர வேண்டிய பங்கு அல்ல. அதைவிட முக்கியமாக, மலையில் விழுக்காட்டுக் கணக்கு ஏமாற்றும். ஒரு வரையாட்டுக் கூட்டத்துக்குப் பயன்படுவது பாறை விளிம்பை ஒட்டிய புல். மனிதன் நடக்க விரும்புவதும் அதே விளிம்பில்தான், ஏனென்றால் காட்சி அங்கேதான் இருக்கிறது. பரப்பில் 20 விழுக்காட்டைத் திறந்தால் ஆட்டுக்கு வேண்டிய நிலத்தில் பெரும்பகுதி போய்விடலாம்.

கட்டுப்பாடில்லாமல் திறந்தால் என்ன ஆகும் என்று ஊகிக்கத் தேவையில்லை, அக்கம்பக்கத்திலேயே பார்க்கலாம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் வரையாடுகள் சாலையோரம் வந்து நிற்கும். அங்கே பஸ் இல்லை, எல்லையும் இல்லை, ஒவ்வொரு காரும் தன் இஷ்டத்துக்கு நிற்கிறது. சிப்ஸ் நீட்டுகிறார்கள், தோளில் கை போட்டுப் படமெடுக்க முயல்கிறார்கள். கொம்பைப் பிடித்து இழுத்ததற்காகப் பயணிகள் கைதான செய்தியும் வந்தது. அதே ஆடு, அதே மக்கள். நடுவே இருக்கும் ஏற்பாடு மட்டும்தான் வேறு. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு விடியலுக்கு முன்பே ஜீப்புகள் வரிசை கட்டி ஏறுகின்றன. 2022 அக்டோபரில் சாந்தன்பாறை அருகே கள்ளிப்பாறை மேட்டில் குறிஞ்சி பூத்தபோது திரண்ட கூட்டம் செடிகளை மிதித்தது, பூக்களைப் பறித்தது, மலைச்சரிவில் பிளாஸ்டிக்கை விட்டுவிட்டுப் போனது. அங்கே போனவர்கள் கெட்டவர்கள் இல்லை, பூவை விரும்பித்தான் போனார்கள். விருப்பம் மட்டும் போதாது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

“நேரில் பார்த்தவன்தான் காட்டைக் காப்பாற்றுவான், மக்களை விலக்கி வைத்தால் மக்கள் காட்டைக் கைவிட்டுவிடுவார்கள்” என்பது மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தென்னிந்தியாவில் காட்டுக்காக நடந்த மிகப் பெரிய மக்கள் போராட்டம் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. 1970களின் இறுதியில் அமைதிப் பள்ளத்தாக்கில் நீர்மின் அணை கட்டவிருந்தபோது எதிர்த்து நின்றவர்கள் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் பள்ளி ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், சுகதகுமாரி போன்ற கவிஞர்கள். ஊர் ஊராகக் கூட்டம் கேட்டவர்களில் பெரும்பாலோர் அந்தக் காட்டில் கால் வைத்ததே இல்லை. அங்கே சிங்கவால் குரங்கு இருக்கிறது, அதன் காடு மூழ்கப்போகிறது என்று அறிந்தார்கள். அறிந்தது போதுமாக இருந்தது. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது, அடுத்த ஆண்டு அது தேசியப் பூங்கா ஆயிற்று. இன்றும் அங்கே முக்காலியிலிருந்து சைரந்திரி வரை குறிப்பிட்ட வாகனத்தில் போய்வரலாம், அவ்வளவுதான். மறுபுறம், ஆண்டுக்கு லட்சக்கணக்கானோர் நேரில் பார்க்கும் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அந்தப் பார்வை என்ன பாதுகாப்பைத் தந்தது? 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு இ-பாஸ் வைத்தது. மறு ஆண்டு நீலகிரிக்கு நாளுக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் போட வேண்டி வந்தது. மக்கள் அறிய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அறிவதற்கு ஒவ்வொருவரும் எல்லா இடத்திலும் நடந்தாக வேண்டும் என்பதைத்தான் மறுக்கிறேன்.

சமத்துவம் பேசுகிறவர்களின் கேள்வி இன்னும் கூர்மையானது. ஆய்வாளர் போகிறார், அதிகாரியின் விருந்தினர் போகிறார், சாதாரண மனிதனுக்கு மட்டும் கேட் ஏன்? வேட்டைக்காரத் துரைகள் போட்ட பூட்டை இன்னும் ஏன் காக்க வேண்டும்? விருந்தினர் போவது அநியாயம், அதைத் தடுக்க வேண்டும். ஆனால் ஒருவருக்குத் தவறாகத் திறந்த கதவை எல்லோருக்கும் திறப்பது நீதியாகாது. ஆய்வாளர் போவது கணக்கெடுக்க. அந்தக் கணக்கு இல்லாமல் எதையும் காக்க முடியாது. உண்மையான உரிமை யாருக்கு இருக்கிறதென்றால் அது முதுவர்களுக்கு. ராஜமலைச் சாலை தொடர்ந்து போய் பெட்டிமுடித் தோட்டத்தைத் தொடுகிறது. அதற்கும் அப்பால் காட்டுக்குள் இருக்கும் இடமலைக்குடி, 2010இல் அமைந்த கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. குடிகளுக்கு அரிசியும் மருந்தும் போவதும், நோயாளிகள் வெளியே வருவதும் இந்த வழியாகத்தான். பொழுதுபோக்குக்கு உள்ளே போகும் ‘உரிமை’யையும் இந்த மக்களின் வாழ்வுரிமையையும் ஒரே தட்டில் வைப்பது பெரிய தவறு.

பிழைப்பு பற்றிய வாதமும் இப்படித்தான் தடம் மாறுகிறது. பூங்காவைத் திறந்தால் ஊருக்கு வருமானம் என்கிறார்கள். இப்போதே டிக்கெட்டும் பஸ்ஸும் தரும் வேலைகளில் பழங்குடியினருக்கும் உள்ளூராருக்கும் பங்கு இருக்கிறது. கூட்டம் ஒரே வாசலில் வருவதால் அந்தப் பணத்தை வசூலிக்கவும் பகிரவும் முடிகிறது. பத்து வழிகள் திறந்தால் பணம் ஜீப் முதலாளிகளிடமும் ரிசார்ட்காரர்களிடமும் சிதறும். குடிகளுக்கு மிஞ்சுவது குப்பை. மலையேற விரும்பும் கால்களுக்கு வழி இல்லாமலும் இல்லை. மீசைப்புலிமலைக்கு முன்பதிவு செய்து நடக்கலாம். தமிழக அரசு 2024 அக்டோபரில் 40 மலையேற்றத் தடங்களை வழிகாட்டிகளோடு திறந்திருக்கிறது. குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மூண்ட தீயில் 23 பேர் இறந்த பிறகுதான், தடமும் பருவமும் வழிகாட்டியும் இன்றிக் கோடை மலையில் நடப்பது என்னவென்று நாம் உணர்ந்தோம். அந்தத் தீக்காலமும் வரையாடு குட்டி வளர்க்கும் காலமும் ஒன்றே.

அப்படியானால் ராஜமலையையும் மூடிவிடலாமே என்று மறுமுனையிலிருந்து சிலர் கேட்பதுண்டு. அதையும் நான் ஏற்கவில்லை. மூடி வைத்தது மட்டுமே முக்கூர்த்தியைக் காப்பாற்றிவிடவில்லை. அங்கே சீகை மரம் புல்வெளியை விழுங்கிக்கொண்டிருந்ததை ஊர் அறிய நீண்ட காலம் பிடித்தது, ஏனென்றால் அது யாருடைய கண்ணிலும் படவில்லை. ஒரு மலையை எவருமே பார்க்காவிட்டால் அதன் இழப்பும் யாருக்கும் தெரியாமல் போகும். ஆகவே ஒரு சாளரம் வேண்டும். அது சிறியதாக, எப்போதும் ஒரே இடத்தில், பருவத்துக்கு மூடித் திறப்பதாக இருக்க வேண்டும். இன்றைய ராஜமலையில் குறைகள் உண்டு. பஸ்ஸில் ஏறும் குடும்பத்துக்கு எதைப் பார்க்கப் போகிறோம் என்று அவர்கள் மொழியில் சொல்ல ஆள் வேண்டும். வருகிறவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர். வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. ஆனாலும் பெரும்பாலோர் அதை ‘ஆடு’ என்றே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். எதிர்ச்சரிவின் மடிப்பில் கரும்பச்சையாக ஒதுங்கியிருப்பது சோலை, அதைச் சுற்றியுள்ள புல்வெளி மரம் வெட்டியதால் வந்த மொட்டை நிலமல்ல, இயற்கையாகவே பல்லாயிரம் ஆண்டுகளாக இருப்பது என்பதைச் சாலையில் நின்றே காட்டலாம். ஏமாற்றத்தோடு திரும்புகிறவர்களில் பாதிப் பேர் இன்னும் தூரம் விடாததால் ஏமாறவில்லை. கண்முன் இருந்ததை யாரும் சொல்லித் தராததால் ஏமாறுகிறார்கள்.

இதையெல்லாம் இப்போதே பேச வேண்டியதற்குக் காரணம் உண்டு. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி இரவிகுளத்தில் 2006இலும் 2018இலும் பூத்தது. 2018 ஆகஸ்டில் வந்த பெருவெள்ளம் சாலைகளை உடைத்ததால் அந்த ஆண்டு எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. அடுத்து 2030. செடி ஒரே முறை பூத்து, விதை உதிர்த்து, இறந்துவிடும். விதை முற்றி விழும் முன்பு மிதிபட்டால் அந்த இடத்துக்கு 2042இல் பூவில்லை. உள்ளே விடச் சொல்லும் குரல் அந்த ஆண்டு இப்போதிருப்பதைவிடப் பன்மடங்காக எழும். அரசியல்வாதிகளுக்கு அதை மறுப்பது கடினமாக இருக்கும். அதனால் நாளுக்கு எத்தனை பேர் என்ற எண்ணிக்கை, முன்பதிவு முறை, மழை நாட்களில் மூடுவது, வாகனங்களை மூணாறிலேயே நிறுத்துவது ஆகியவற்றைக் கேரள வனத்துறை 2029க்குள் முடிவு செய்து அறிவித்துவிட வேண்டும். ராஜமலைச் சாலையின் இருபுறச் சரிவிலும் குறிஞ்சி இருக்கிறது. பூ பார்க்க அந்தச் சாலையைத் தாண்ட வேண்டிய தேவை எவருக்கும் இல்லை.